பலாத்தோல், சாணம், சோற்றுக்கழிவு: வீட்டு எரிவாயுக் கலன் தொடங்குவோருக்கு

பலாப் பருவத்தில் பண்ருட்டிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். காடாம்புலியூர், பணிக்கன்குப்பம் என்று சாலையோரம் முழுக்கப் பழம் அடுக்கியிருப்பார்கள். கொஞ்சம் தள்ளி வேலியோரத்தில் தோலும் சக்கையும் குவிந்து ஈ மொய்த்துக் கிடக்கும். ஒரு பழத்தில் சுளையாக நம் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி வேலியோரம் போகிறது. இதே கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில், பிழிந்த கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். அங்கே எதுவும் வீணாவதில்லை. நம் வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியும். அதற்குச் சாண எரிவாயுக் கலன் போதும்.

இரண்டு மூன்று மாடு கட்டியிருப்பவர், முந்திரி, பலாத் தோப்பு வைத்திருப்பவர், சின்னதாக மெஸ் நடத்துபவர், மாடு இல்லாவிட்டாலும் கொல்லையில் வெயில் படும் இடம் கொஞ்சம் உள்ளவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கலனை முதலில் வாங்கிவிட்டு, அதற்குத் தீனி எங்கிருந்து வரும் என்பதை அப்புறம்தான் யோசிக்கிறார்கள். ஆறு மாதத்தில் கலன் காய்ந்து கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம். எனவே தீனியிலிருந்து தொடங்குவோம்.

உள்ளே நடப்பது என்ன

காற்றுப் புகாத தொட்டியில் சாணமோ சமையல் கழிவோ தண்ணீரோடு கலந்து கிடக்கும்போது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கின்றன. ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று, அடுப்பில் எரியக்கூடிய மீத்தேன் வாயுவாக்குகிறது. வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 55 முதல் 65 சதவீதம்வரை, மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் துளி இருக்கும்.

அமிலமாக்கும் கூட்டம் வேகமானது, மீத்தேனாக்கும் கூட்டம் மெதுவானது. கலனில் வரும் தொந்தரவுகளில் பாதி இந்த வேக வித்தியாசத்தால் வருவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

இந்த உயிர்களுக்கு 30 முதல் 40 டிகிரி வெப்பம் பிடிக்கும். கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டில் பெரும்பகுதி நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. மலைப்பகுதியில் 50 நாளுக்கு மேல் ஊற வேண்டிய சாணம், நம் பக்கத்தில் 30, 40 நாளில் செரித்துவிடும். ஆகவே அங்கே வைப்பதைவிடச் சின்னக் கலனே இங்கே போதும்.

முதல் வேலை: ஒரு வாரம் எடை போடுங்கள்

ஒரு தொங்கு தராசும் பழைய வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் எவ்வளவு சாணம், எவ்வளவு சோற்றுக்கழிவு, எவ்வளவு காய்கறித்தோல் சேருகிறது என்று எழுதி வையுங்கள். உத்தேசமாகச் சொல்வது உதவாது. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். கொட்டிலில் கிடைப்பதுதான் உங்கள் கணக்கு. கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ போடும்.

இப்போது கணக்கு. 25 கிலோ புதுச் சாணத்திலிருந்து ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். 1 கன மீட்டர் வாயு, அடுப்பில் 0.45 கிலோ சமையல் எரிவாயுவின் வேலையைச் செய்யும். வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. ஆக, தினமும் 25 கிலோ சாணம் தவறாமல் கிடைத்தால் மாதம் ஒரு சிலிண்டர் அளவுக்கு வாயு வரும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளைச் சமையலும் இதிலேயே முடிய வேண்டும் என்றால் 2 கன மீட்டர், அதாவது 50 கிலோ சாணம், நான்கைந்து மாடு வேண்டும்.

மாடு இல்லாத வீட்டுக்கு வேறு கணக்கு. சோறு, மாவு, பழம் போன்ற சமையல் கழிவில் எடைக்கு எடை சாணத்தைவிட இரண்டு மடங்கு வாயு வரும், ஏனென்றால் சாணம் ஏற்கனவே மாட்டின் வயிற்றில் பாதி செரித்தது. 5 கிலோ கழிவு தினமும் கிடைத்தால் ஒரு சின்ன அடுப்பை ஒரு மணி நேரத்துக்கு ஒட்டி எரிக்கலாம். ஆனால் நான்கு பேர் வீட்டில் 5 கிலோ சேராது. ஒன்று, ஒன்றரை கிலோ சேர்ந்தாலே அதிகம். பக்கத்து வீடு, காய்கறிக் கடை, டிபன் கடை என்று நிச்சயமாகத் தரக்கூடிய ஓர் இடம் கைவசம் இருந்தால் மட்டும் கலனுக்குப் போங்கள். இல்லையென்றால் மண்புழு உரத் தொட்டியே உங்களுக்குச் சரி. அதுவும் நல்ல வேலைதான்.

மாடு தின்னக்கூடியதை முதலில் மாட்டுக்கே கொடுங்கள். கழுநீர், வடிகஞ்சி, பலாத்தோல் எல்லாம் அப்படித்தான். பாலும் கிடைக்கும், சாணமும் கிடைக்கும். மாடு ஒதுக்குவதும், மிஞ்சுவதும், கெட்டுப்போனதும் கலனுக்கு.

எந்தக் கலன், எங்கே வைப்பது

மூன்று வகை புழக்கத்தில் உண்டு. மிதக்கும் கலன் முதல் வகை. ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டியைக் கவிழ்த்து வைத்தது. வாயு சேரச் சேர மேல் தொட்டி உயரும், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களிலிருந்து பரப்பிய வடிவம் இது. அந்தக் காலத்தில் மேல் தொட்டி இரும்பில் செய்தது. கடலோர உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், எனவே நம் பக்கத்துக்கு ஃபைபர் அல்லது கனமான பிளாஸ்டிக் தொட்டிதான் ஏற்றது.

இரண்டாவது தீனபந்து. 1984இல் வந்த வடிவம். செங்கல்லால் தரைக்கடியில் கட்டும் குமிழ்க் கூரைக் கலன். நகரும் பாகம் இல்லை, நன்றாகக் கட்டினால் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஆனால் கூரை வளைவை வாயு கசியாமல் பூசுவதற்குப் பழக்கமுள்ள கொத்தனார் வேண்டும். வீடு கட்டுகிறவர்தானே என்று யாரையாவது கூப்பிட்டுக் கட்டச் சொல்லாதீர்கள். அவர் இதற்குமுன் கட்டிய கலன் ஒன்றை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மூன்றாவது பை வகை. விலை குறைவு, ஒரே நாளில் பொருத்திவிடலாம். எலிப்பல், ஆட்டுக் கொம்பு, கோடை வெயில் மூன்றும் அதற்கு எதிரி. வேலியும் மேலே கீற்றுப் பந்தலும் போட முடியுமானால் பரவாயில்லை.

என் யோசனை: நகரத்து வீட்டுக்குத் தரைக்குமேல் வைக்கும் 1000 லிட்டர் மிதக்கும் கலன், மாடும் நிலமும் உள்ளவருக்குத் தீனபந்து. அளவைக் கணக்கிடுவது எளிது. தினமும் 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் உள்ளே போனால் 50 லிட்டர். அது 40 நாள் தங்க வேண்டும் என்றால் 2000 லிட்டர். வாயு நிற்க இடம் தனி. ‘பெரிசாவே வாங்கிடலாம்’ என்று தோன்றும். தீனி போதாத பெரிய கலனால் ஒரு நன்மையும் இல்லை.

இடம் பார்க்கும்போது வெயில் முக்கியம், கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருப்பது அதைவிட முக்கியம். சமையலறைக்கும் கொட்டிலுக்கும் நடுவே அமைந்தால் நல்லது. சாணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரம் கூடினால் தினமும் போடும் பழக்கம் விட்டுப்போகும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. கெடிலம், தென்பெண்ணை ஓரத்தில் இருப்பவர்களுக்கு 2015 வெள்ளமும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வந்த தென்பெண்ணை வெள்ளமும் மறந்திருக்காது. நிலத்தடி நீர் மேலே ஏறும் இடத்தில் தரைக்கடியில் காலித் தொட்டி இருந்தால், நீரின் உந்துதலில் அது மேலே எழும்பி விரிசல் விட்டுவிடும். ஐப்பசிக்கு முன் கட்டி முடித்து நிரப்பிவிடுங்கள், அல்லது தை பிறந்த பிறகு குழி தோண்டுங்கள். பள்ளமான மனை என்றால் தரைக்கு மேல் வைக்கும் வகையே நல்லது.

மானியத் திட்டங்களும் தொகையும் காலத்துக்குக் காலம் மாறும். வேலை தொடங்குவதற்கு முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு விண்ணப்பித்தால் சிக்கல்.

முதல் நிரப்பல்

தொடக்கத்தில் சமையல் கழிவு ஒரு கைப்பிடிகூட வேண்டாம், சாணம் மட்டும்தான். புதுச் சாணமும் தண்ணீரும் சம அளவு எடுத்து, கட்டி இல்லாமல் கையாலோ மரத்துடுப்பாலோ கரையுங்கள். தோசைமாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருந்தால் பதம் சரி. ஏற்கனவே ஓடும் கலனிலிருந்து நாலைந்து குடம் கழிவுக் கரைசல் கிடைத்தால் சேர்த்து ஊற்றுங்கள். வேலை பல நாள் முந்தும்.

மணலைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் கொட்டில் தரை மணலாகத்தான் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் செம்மண். துடைப்பத்தால் வாரும்போது சாணத்தோடு அதுவும் வரும். பார்வைக்குத் தெரியாது. ஆனால் தினமும் ஒரு கைப்பிடி மணல் உள்ளே போனால்கூட, இரண்டு மூன்று ஆண்டில் கலனின் அடிப்பாகம் கெட்டிப்பட்டு, வாயு பாதியாகிவிடும். கரைத்த சாணத்தை வாளியில் ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். பிறகு மேலாக ஊற்றிவிட்டு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படும். அந்த அடி வண்டலைத் தென்னைக்குப் போட்டுவிடுங்கள்.

நிரப்பிய பிறகு இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். வாயு சில நாளிலேயே வரத் தொடங்கும், பற்றவைத்தால் எரியாது. அதில் கரியமில வாயுவும், உள்ளே இருந்த காற்றும் கலந்திருக்கும். முதலில் சேரும் வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். மீத்தேனும் காற்றும் கலந்து நிற்கும்போது நெருப்புக் காட்டினால் வெடிக்கும். ஆகவே கலனின் வாயில் தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது கூடவே கூடாது. சோதனை எப்போதும் குழாயின் மறுமுனையில், அடுப்பில்தான்.

தினத் தீனி

கலன் ஒரு மாட்டின் வயிறு மாதிரி. சாணத்தோடு உள்ளே போன உயிர்களே மாட்டின் குடலிலிருந்து வந்தவைதான். ஒரு நாள் விருந்து, மூன்று நாள் பட்டினி என்றால் அது கெட்டுப்போகும்.

அடுப்பில் நல்ல நீலச் சுடர் வந்த பிறகு சமையல் கழிவைத் தொடங்கலாம். 1000 லிட்டர் கலனுக்கு முதல் வாரம் அரைக் கிலோ, அடுத்த வாரம் ஒரு கிலோ என்று ஏற்றி, இரண்டு, இரண்டரை மாதத்தில் 5 கிலோவுக்கு வாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். சின்னதாக நறுக்கியோ நசுக்கியோ, சம அளவு தண்ணீரோடு, முடிந்தவரை ஒரே நேரத்தில் போடுங்கள்.

போடக்கூடியவை: மீந்த சோறு, புளித்த மாவு, இட்லி, காய்கறித்தோல், வாழைப்பழத்தோல், அழுகிய பழம், டீத்தூள். வேண்டாதவை: எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், மாங்கொட்டை, குச்சி. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலும் வெங்காயத்தோலும் கொஞ்சமாக இருந்தால் போகட்டும். சோப்புத் தண்ணீர், பினாயில் இரண்டும் கலனைக் கொன்றுவிடும். ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள் தனியாக ஒதுக்குங்கள். அதில் வரும் ஆண்டிபயாடிக் மருந்து உள்ளே இருக்கும் உயிர்களையும் அழிக்கும்.

பலாவுக்கு வருவோம். கனிந்த பலாச் சக்கையில் சர்க்கரை அதிகம். உள்ளே போனதும் மளமளவென்று அமிலமாகிவிடும். மீத்தேனாக்கும் மெதுவான கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாது. தினத் தீனியின் எடையில் கால்பங்குக்கு மேல் பலா வேண்டாம் என்பது என் வரம்பு, மீதி சாணம். தோலை அப்படியே போட்டால் முள் பகுதி மிதந்து மேலே ஏடு கட்டும். அரிவாள்மணையில் விரல்கடை அளவுக்கு நறுக்கி, இரண்டு நாள் தொட்டியில் சாணக் கரைசலோடு ஊறவைத்தால் இளகிவிடும். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. பருவத்தில் மலைபோலக் குவியும் தோல் முழுவதையும் கலன் வாங்காது. மிச்சத்துக்கு வழி கீழே சொல்கிறேன்.

அமிலம் கூடிவிட்டதற்கு அறிகுறி: சுடர் சோர்ந்து அணைந்துபோகும், வெளியேறும் கரைசலில் சாண மணம் போய்ப் புளித்த காடி நெடி வீசும். உடனே தீனியை நிறுத்துங்கள். நான்கைந்து நாள் வெறுமனே விட்டு, பிறகு ஒரு வாரம் சாணக் கரைசல் மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். கார அமிலத் தன்மை (pH) காட்டும் காகிதம் மருத்துவ ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், 6.8க்கும் 7.5க்கும் நடுவே காட்டினால் கவலை இல்லை. 6.5க்குக் கீழே போனால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம்.

குழாயும் அடுப்பும்

சிலிண்டர் அடுப்பை இதற்கு அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. இந்த வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு, எரிய வேண்டிய காற்றின் அளவும் வேறு. பெரிய துளை உள்ள சாண எரிவாயு அடுப்பென்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

வாயுவோடு ஈரமும் வரும். குழாயில் எங்காவது தொங்கல் விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வாயு அடைபட்டுவிடும். சுடர் விட்டுவிட்டு எரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். குழாயைக் கலன் பக்கம் சரிவாக இழுத்து, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வையுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது மாதம் ஒருமுறை.

முட்டை நாற்றமும் பாத்திரம் கறுப்பதும் ஹைட்ரஜன் சல்பைடால். லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருளை வாங்கி, ஈரம் தெளித்துத் துருப்பிடிக்க விட்டு, ஒரு அகலக் குழாயில் அடைத்து வாயுவை அதன் வழியே விட்டால் பெரும்பகுதி அடங்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது, அது உதவாது. பழைய சுருளை மாற்றும்போது தண்ணீரில் நனைத்து வெளியே எடுங்கள். காற்றுப் பட்டால் சூடேறும்.

வெளியே வரும் கரைசல்

பலர் கணக்கில் விட்டுவிடும் விஷயம் இது: உள்ளே ஊற்றியது கிட்டத்தட்ட அதே அளவு வெளியே வரும். 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் ஊற்றினால், தினமும் ஏறக்குறைய 50 லிட்டர் கரைசல் வெளியேறும். அதற்கு இடமும் வேலையும் யோசிக்காவிட்டால் கொல்லை சேறாகிவிடும். யோசித்துவிட்டால், என் பார்வையில், வாயுவைவிட இதில்தான் லாபம். தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் உள்ளே அழிவதில்லை. கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வாயுவாகப் போகின்றன. தழைச்சத்து பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சாணத்தில் வரும் களை விதைகளில் பலவும் உள்ளேயே செத்துவிடும்.

எளிய வழி, பாசன வாய்க்காலில் தண்ணீரோடு கலந்துவிடுவது. வாழை, கரும்பு, தென்னைக்கு இது போதும். செடிக்கு ஊற்றுவதானால் மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, தண்டில் படாமல் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். வெயிலில் பரப்பி வறட்டி மாதிரிக் காயவைக்காதீர்கள். தழைச்சத்தில் நல்ல பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பாசனம் இல்லாத நாளிலும், பலாத்தோல் மிஞ்சும் பருவத்திலும் குழி உரம் போடுங்கள். முழங்கால் ஆழக் குழி இரண்டு. முந்திரிச் சருகு, கரும்புச் சோகை, நறுக்கிய பலாத்தோல் என்று ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, அன்றைய கரைசலை மேலே ஊற்றி, மறுபடி சருகு. ஒரு குழி நிரம்பியதும் மண் பூசி மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் மணத்தோடு உரம் தயாராகும். மேலே கீற்று போட்டு வெயிலும் மழையும் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் தலை, குடல் கலனுக்கு வேண்டாம். புரதம் அதிகமாகி அம்மோனியா சேர்ந்தால் மீத்தேன் வருவது குறையும், நாற்றமும் தாங்காது. அதை மீன் அமிலமாக்குங்கள்: மீன் கழிவும் வெல்லமும் சம எடை, பிளாஸ்டிக் வாளியில் கலந்து மூடி நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் தேன் நிறத்தில் தெளிவு வரும். செடிக்குத் தெளிக்க லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும்.

மழை, புயல், பாதுகாப்பு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புயல் அறிவிப்பு வந்ததும் அடுப்புப் பக்க வால்வையும் கலன் பக்க வால்வையும் மூடுங்கள். மிதக்கும் தொட்டியில் உள்ள வாயுவைத் திறந்தவெளியில் வெளியேற்றி, தொட்டியைக் கீழே இறங்கவைத்து, கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். கீழ்த் தொட்டி நிரம்பியே இருக்கட்டும், கனம்தான் அதைக் காப்பாற்றும். வெள்ள நீர் உள்ளே புகுந்துவிட்டால் முதல் நிரப்பலை மறுபடி தொடங்க வேண்டியதுதான். மார்கழிக் குளிரில் வாயு குறைவது இயல்பு. அந்த மாதம் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றினால் கொஞ்சம் ஈடுகட்டலாம், தீனியைக் கூட்டாதீர்கள்.

சிலிண்டர் வாயு கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். மீத்தேன் லேசானது, கூரைப் பக்கம் போகும். ஆகவே சமையலறையில் உயரத்தில் ஒரு சன்னலோ காற்றுத் துளையோ இருக்க வேண்டும்.

ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கலனின் அடி வண்டலை எடுக்க வேண்டி வரும். வாளியும் பம்பும் கொண்டு வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். காலியாகத் தெரிந்தாலும், நாற்றமே இல்லாவிட்டாலும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும். ஆள் ஒரு மூச்சில் மயங்கி விழுவார். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன துயரங்கள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள், 112க்கு அழையுங்கள். குழந்தைகள் எட்டாதபடி உள்ளீட்டுத் தொட்டிக்கும் வெளியேற்றுத் தொட்டிக்கும் கனமான மூடி போடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஓடும் கலன் ஒன்றையாவது நேரில் பாருங்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பட்டு காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்த பொறியாளர்கள் உண்டு. கலன் வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: தினமும் யார் தீனி போடுகிறார்கள், அவர் ஊருக்குப் போனால் யார், கரைசல் எங்கே போகிறது. இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டிலும் பதில் இருந்தால் முன்பணம் கொடுங்கள்.